பாட்டும் படமும்: போபால் பாரத் பவனில் கலைகளின் பிரிவும் கூடலும்

ஆய்வுச் சுருக்கம்

மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் 1982ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பாரத் பவன், ஓவியம், இசை, நாடகம், கவிதை, திரைப்படம் ஆகிய கலைகளைத் தனித்தனிப் பிரிவுகளாக வகுத்துக்கொண்டு ஒரே வளாகத்தில் இயங்கும் கலை மையமாகும். அம்மையத்தின் பிரிவமைப்பு கலைகளுக்கு என்ன செய்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பர்தான் பாடகர் மரபில் பிறந்த ஜன்கர் சிங் ஷியாம் ஓவியராக உருப்பெற்ற வரலாறு இதற்கு மையச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பாட்டு படமாக மாறும்பொழுது புதியதொரு கலை பிறப்பதும், பாட்டின் சூழல் பின்தங்கிவிடுவதும் ஒருங்கே நிகழ்கின்றன. இந்நிகழ்வு, தமிழ்ப் பாணர் மரபின் வரலாற்றோடு ஒப்பிட்டு மதிப்பிடப்படுகிறது.

திறவுச் சொற்கள்: பாரத் பவன், ஜெ. சுவாமிநாதன், ஜன்கர் சிங் ஷியாம், பர்தான், பானா, பாணர், துருபத், கலை மையம்.

முன்னுரை

கலைகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பன என்னும் கருத்து இந்தியக் கலைநூல்களில் பழமையானது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தில், படிமக்கலையைக் கற்க விரும்பும் வஜ்ரன் என்னும் அரசனிடம் மார்க்கண்டேயர், அதற்கு ஓவியம் அறிதல் வேண்டும் என்கிறார். ஓவியத்திற்குக் கூத்தும், கூத்திற்குக் கருவியிசையும், கருவியிசைக்குப் பாட்டும் வேண்டும் என அவ்வுரையாடல் நீள்கிறது. தமிழில் இக்கருத்து விரிவான நடைமுறை வடிவம் பெற்றிருப்பது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணம் அங்கே அடுத்தடுத்து வகுக்கப்படுகிறது. ஒவ்வோர் ஆசிரியனும் தன் கலையோடு அதற்கு அண்டைக் கலைகளையும் அறிந்தவனாகக் காட்டப்படுகிறான். அரங்கின் அளவும் திரைகளும் சித்திரம் தீட்டிய மேற்கட்டியும் அவ்வரிசையிலேயே இடம்பெறுகின்றன.

தற்கால அரசுகள் நிறுவிய கலை மையங்கள் இவ்வுறவை வேறொரு முறையில் கையாள்கின்றன. ஒவ்வொரு கலைக்கும் ஒரு பிரிவு, ஒரு பொறுப்பாளர், ஒரு நிகழ்ச்சி அட்டவணை என வகுத்துக்கொள்வது நிர்வாகத்திற்கு இன்றியமையாதது. ஆயின் இவ்வாறு வகுக்கப்பட்ட இடத்தில் கலைகள் உண்மையாகவே ஒன்றையொன்று சந்திக்கின்றனவா, சந்திக்குமாயின் அச்சந்திப்பின் பயனும் இழப்பும் யாவை என்பன ஆராய்தற்குரிய வினாக்கள். இவ்வினாக்களுக்கு விடை காண பாரத் பவன் தகுந்த களமாக அமைகிறது.

1. கட்டடமும் பிரிவுகளும்

பாரத் பவன் 1982 பிப்ரவரி 13ஆம் நாள் அன்றைய பிரதமர் இந்திரா காந்தியால் திறந்துவைக்கப்பட்டது. மாநிலச் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின்வழி அமைந்த அறக்கட்டளை அதனை நிர்வகிக்கிறது. அதன் உருவாக்கத்தில் இந்திக் கவிஞரும் ஆட்சிப்பணி அலுவலருமான அசோக் வாஜ்பேயியின் பங்கு முதன்மையானது.

கட்டடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. போபாலின் பெரிய ஏரியை நோக்கிச் சரியும் ஷாம்லா குன்றின் மேல் அது அமைந்துள்ளது. பொது நிறுவனக் கட்டடங்கள் நிலத்தின்மேல் உயர்ந்து நிற்பதே வழக்கம். இதுவோ குன்றின் சரிவுக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. வருவோர் மேல்தளத்தில் நுழைந்து, படிப்படியாகத் தாழும் திறந்த தளங்கள் வழியே கீழிறங்குகின்றனர். தாழ்ந்த முற்றங்களைச் சுற்றியே காட்சிக்கூடங்களும் அரங்குகளும் உள்ளன. ஆகவே ஓவியம் காண வந்தவர் இசையரங்கின் முற்றத்தையும், நாடகம் காண வந்தவர் ஓவியக்கூடத்தின் வாயிலையும் கடந்து செல்ல நேர்கிறது. நிர்வாகம் பிரித்த கலைகளைக் கட்டடம் நடைவழியில் கூட்டுகிறது எனலாம்.

பிரிவுகளின் பெயர்கள் நோக்கத்தக்கவை. நுண்கலைக்கு உரியது ‘ரூபங்கர்’. உருவம் சமைப்பது என்பது அதன் கருத்து. நாடகக் குழு ‘ரங்கமண்டல்’. கவிதை மையமாகிய ‘வாகர்த்’, சொல்லும் பொருளும் பிரியாமை குறித்த காளிதாசர் வழக்கை நினைவூட்டுவது. இசைக்குரிய ‘அனஹத்’, அடிக்கப்படாமலே எழும் ஒலியைக் குறிக்கும் யோக மரபுச் சொல். கபீரின் பாடல்களில் பயின்று வருவது. திரைப்படத்திற்கு உரியது ‘சவி’. சாயல், ஒளி, உருவம் எனப் பல பொருள் தருவது. இப்பெயர்கள் துறைப்பெயர்களாக இல்லாமல், அவ்வக் கலையின் இயல்பைச் சுட்டும் கலைச்சொற்களாக அமைந்துள்ளன.

2. ரூபங்கர்: ஒரு கூரையும் இரு மரபுகளும்

ரூபங்கரை உருவாக்கி 1990 வரை வழிநடத்தியவர் ஓவியர் ஜெகதீஷ் சுவாமிநாதன் (1928–1994). சிம்லாவில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த அவர், இடதுசாரி இயக்கத்திலும் இதழியலிலும் ஈடுபட்ட பின்னர் ஓவியத்தில் நிலைத்தவர். 1962இல் ‘குரூப் 1890’ என்னும் ஓவியர் குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அக்குழுவின் 1963ஆம் ஆண்டுக் காட்சிக்கான அறிமுகவுரையை மெக்சிகோ கவிஞர் ஒக்டேவியோ பாஸ் எழுதினார்.

பழங்குடிக் கலையை மானுடவியல் அருங்காட்சியகத்திலும் நகர ஓவியரின் படைப்பை நவீனக் கலைக்கூடத்திலும் வைப்பதே நிலைபெற்றிருந்த வழக்கம். அவ்வழக்கின் உட்கிடை, முன்னது கடந்த காலத்திற்கு உரியது, பின்னது நிகழ்காலத்திற்கு உரியது என்பதாகும். சுவாமிநாதன் இதனை மறுத்தார். ஒரே காலத்தில் வாழ்ந்து படைப்போர் யாவரும் சமகாலக் கலைஞரே என்பது அவர் நிலைப்பாடு. 1987இல் வெளிவந்த ‘உணரும் விரல்கள்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலில் அவர் இதனை விரிவாக வாதிட்டார். ரூபங்கரில் நகரக் கலைக்கும் நாட்டுப்புற, பழங்குடிக் கலைக்கும் ஒத்த தகுதியுடன் இடம் அளிக்கப்பட்டது.

படைப்புகளைத் திரட்டுவதற்காக இளம் ஓவியர் குழுக்கள் மாநிலத்தின் சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டன. பொருள்களோடு அவற்றைப் படைத்த மனிதரும் போபாலுக்கு வந்தனர் என்பதே இத்திட்டத்தின் தனித்தன்மை. ஜாபுவா மாவட்டத்துப் பில் இனத்தவரான பூரி பாய், பாரத் பவன் கட்டுமானத்தில் கூலி வேலை செய்தவர். சுவாமிநாதன் கேட்டுக்கொண்டதன் பேரில் தாளில் வரையத் தொடங்கிய அவர், 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பில் மரபில் பித்தோரா ஓவியம் சடங்கின் பகுதி; அதனை வரைதல் ஆடவர்க்கே உரியது. ஆகவே பூரி பாய் தாளில் வரைந்தமை பழைய மரபை அவ்வாறே நகர்த்தியதன்று. மரபு இடம் தராத ஒருவர்க்குப் புதிய தளம் கிடைத்தமையாகும். கலை மையம் மரபைக் காக்கும் இடம் மட்டுமன்று, அதன் விதிகளை மாற்றும் இடமும் ஆகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

3. பானாவிலிருந்து வண்ணத்திற்கு

ரூபங்கர் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் அன்றைய மாண்ட்லா மாவட்டத்துப் பாட்டன்கர் என்னும் ஊரில், வீட்டுச் சுவரொன்றில் கண்ட ஓவியம் ஜன்கர் சிங் ஷியாமின் கைவண்ணம். அப்போது அவர் இருபது வயதை ஒட்டிய இளைஞர். அவ்வூர் மானுடவியலாளர்க்கு முன்பே அறிமுகமானது. வெரியர் எல்வின் அங்கு வாழ்ந்தவர். அவருடைய தோழர் ஷாம்ராவ் ஹிவாலே எழுதி 1946இல் வெளியான நூல், நருமதையின் மேற்பகுதிப் பள்ளத்தாக்கில் வாழும் பர்தான்களைப் பற்றியது.

பர்தான்கள் கோண்டு மக்களின் பாடகர்கள். பானா என்னும் வில்லிசை நரம்புக்கருவியை இசைத்து, கோண்டு குடிகளின் வமிச வரலாற்றையும் தெய்வக் கதைகளையும் பாடுவது அவர்தம் குலத்தொழில். மூன்றாண்டுக்கு ஒருமுறை புரவலர் வீடுகளுக்குச் சென்று பாடித் தானியமும் துணியும் கால்நடையும் பெறுவர். கோண்டுகளின் பெருந்தெய்வமாகிய படாதேவ், தமிழில் கருமருது எனப்படும் சாஜா மரத்தில் உறைவதாக நம்பப்படுகிறது. பானாவிலும் அத்தெய்வம் உறைகிறது. பாடகன் அதனை இசைக்கும்போதே தெய்வம் விழிக்கும் என்பது நம்பிக்கை. எனவே பானா இசைக்கருவி மட்டுமன்று, திருமேனியும் ஆகும்.

இம்மரபில் தெய்வங்கள் பாட்டில் வாழ்ந்தன. அவற்றுக்கு நிலைத்த ஓவிய உருவம் இல்லை. வீட்டுச் சுவரிலும் தரையிலும் பெண்கள் இடும் ‘திக்னா’ கோலங்களும் மண்புடைப்பு உருவங்களுமே காட்சிக்கலையாக இருந்தன. போபாலில் தாள், வண்ணம், அச்சுப்பட்டறை ஆகியவை கிடைத்த பின் ஜன்கர், பாட்டில் கேட்ட தெய்வங்களுக்கும் விலங்குகளுக்கும் மரங்களுக்கும் உருவம் தந்தார். படாதேவ் முதலிய தெய்வங்கள் ஓவிய உருவம் பெற்றது பெரிதும் அவர் கையால்தான். உருவத்தின் உட்பரப்பை நிரப்பும் புள்ளிகளும் சிறு கோடுகளும் அவர் பாணியின் அடையாளம். அவை கோத்னா எனப்படும் பச்சைக்குத்தின் வடிவங்களிலிருந்து வந்தவை என்பர் ஒரு சாரார். பாட்டின் ஒலியலகுகள் கண்ணுக்குரியனவாக மாறியவை என்பர் மற்றொரு சாரார். இரண்டாம் கருத்தை நேரடியாக நிறுவுதல் அரிது. ஆயினும் ஒரே அலகு சிறு மாற்றங்களுடன் மீண்டும் மீண்டும் வந்து பரப்பை நிறைக்கும் அமைப்பு, கதைப்பாட்டின் மீள்வருகை அமைப்போடு ஒத்திருத்தல் தெளிவு.

இப்புதிய மரபு ‘ஜன்கர் கலம்’ எனப் பெயர் பெற்றது. முகலாய, ராஜஸ்தானி ஓவியப் பாணிகளைக் குறிக்கும் ‘கலம்’ என்னும் சொல்லை ஒரு தனியாளின் பெயரோடு சேர்த்தது குறிப்பிடத்தக்கது. பழங்குடிக் கலையைப் பெயரற்ற கூட்டுக்கலையாக மட்டுமே காணும் நோக்கை அது மறுக்கிறது. 1986இல் மாநில அரசின் ஷிகர் சம்மான் விருது அவருக்குக் கிடைத்தது. 1989இல் பாரிசில் நடந்த ‘மாஜிசியன் த லா தேர்’ காட்சியில் அவர் படைப்பு இடம்பெற்றது. அவர் அழைத்துவந்து பயிற்றிய உறவினர் பலர் தத்தமக்கெனத் தனி நிரப்பு வடிவங்களை வகுத்துக்கொண்டு ஓவியராயினர்.

இவ்வரலாற்றின் அடுத்த கட்டம் தமிழகத்தைத் தொடுகிறது. சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் பஜ்ஜு ஷியாமின் ‘லண்டன் ஜங்கிள் புக்’ நூலை 2004இலும், பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவர் வரைந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலை 2006இலும் வெளியிட்டது. பின்னது கறுப்புத் தாளில் கையால் திரை அச்சிடப்பட்டது. பாடகர் மரபின் கதைகள் சுவரிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து நூலுக்கும் இவ்வாறு பெயர்ந்தன.

4. அனஹத்: இசையின் எல்லைகள்

அனஹத் பிரிவு செவ்விசை, நாட்டுப்புற இசை, பழங்குடி இசை ஆகிய மூன்றையும் தன் எல்லையாகக் கொண்டது. இம்மூன்றையும் ஒரே தலைப்பின்கீழ்க் கொணர்ந்ததற்கு மத்தியப் பிரதேச இசைச்சூழலிலேயே முன்னோடி உண்டு. 1940களின் இறுதியில் காசநோய்க்கு இதமான தட்பவெப்பம் நாடித் தேவாஸ் நகரில் குடியேறிய குமார் கந்தர்வா, நோயுற்றுப் பாட இயலாதிருந்த ஆண்டுகளில் மாளவ நாட்டுப் பாடல்களை ஊன்றிக் கேட்டார். பின்னர் அம்மெட்டுகளிலிருந்து புதிய ராகங்களை வகுத்தார். கபீரின் நிர்க்குணப் பாடல்களுக்குப் புதிய வடிவம் தந்தார். செவ்விசைக்கும் நாட்டுப்பாடலுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நிகழும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. செவ்விசைக் கலைஞர் ஒருவர் மேடையில் பாடினால், அது அக்கலைக்குப் பழகிய சூழலே. பர்தான் பாடகர் மேடையில் பாடுங்கால், அவர் முன் அமர்ந்திருப்போர் அவர் பாடும் வமிசத்தைச் சேர்ந்தவர் அல்லர். பாட்டைக் கேட்டுத் தானியம் அளிக்க வேண்டிய கடப்பாடும் அவர்க்கு இல்லை. பாடுபவன், கேட்பவன், பாடப்படுபவன் என்னும் மூவரின் உறவில் தோன்றிய கலை, அவ்வுறவின்றி நிகழ்ச்சியாகச் சுருங்குகிறது. ஓவியத்திற்கு இவ்விடர் குறைவு. அதனை வாங்குவோர்க்கும் வைத்திருப்போர்க்கும் வமிச உறவு தேவையில்லை. நகரக் கலை மையத்தில் பாட்டைவிடப் படம் விரைந்து வளர்ந்ததற்கு இது முதன்மைக் காரணம் எனக் கருத இடமுண்டு.

5. சவி: காட்சியும் பதிவும்

திரைப்படப் பிரிவாகிய சவி, சிறந்த படங்களைத் தேர்ந்து திரையிட்டுச் சுவைஞரைப் பயிற்றும் நோக்குடையது. எனினும் பல்கலை மையமொன்றில் திரைப்படத்திற்கு வேறு கடமையும் உண்டு: ஒலியையும் உருவையும் நிகழ்வுக் காலத்தையும் ஒருசேரத் தாங்க வல்ல கலை அதுவே. இவ்வாற்றலை உணர்ந்து செயற்பட்டவருள் மணி கௌல் தலையாயவர்.

1981இல் போபாலில் துருபத் இசைக்கென ஒரு குருகுலம் மாநில அரசின் ஆதரவில் தொடங்கப்பெற்றது. ஜியா ஃபரீதுதீன் டாகர் அதன் ஆசானாக அமர்ந்தார். அவரையும் அவர் தமையனார் உருத்திரவீணைக் கலைஞர் ஜியா மொஹியுதீன் டாகரையும் மையமாகக் கொண்டு மணி கௌல் எடுத்த படம் ‘துருபத்’. அவர் அவ்விசையின் மாணாக்கரும் ஆவார். இசையைப் பற்றிய செய்திகளை அடுக்குவதைவிட, ஆலாபனை விரியும் காலத்தைப் படத்தின் காலமாக்குவதே அவர் நாட்டம். ஒலிப்பதிவுக் கருவி ஏறெடுத்துப் பாராத பாடகனின் கையசைவும், இசை எழும் இடத்தின் கல்லும் ஒளியும் படத்தில் இசையின் உறுப்புகளாகின்றன. 1985இல் வெளிவந்த ‘மாட்டி மானஸ்’ படத்தில் சுடுமண் கலையையும் குயவர் கதைகளையும் அவர் இவ்வாறே இணைத்தார். பொருளையும் அதனைச் சூழ்ந்த சொல்லையும் பிரியாமல் காட்டியமை அப்படத்தின் சிறப்பு.

ரூபங்கரும் அனஹத்தும் தனித்தனியே செய்ய இயலாத பணியை இவ்வகைப் படங்கள் செய்து காட்டுகின்றன. ஓவியம் வரையப்படும்போது பாடப்படும் பாட்டையும், பாட்டைக் கேட்டு நிற்கும் புரவலனையும் ஒரே சட்டகத்தில் பதிய இயலும்.

6. பாணர் மரபு: ஓர் ஒப்பீடு

புரவலரை நாடிச் சென்று, நரம்புக்கருவி இசைத்துப் பாடிப் பரிசில் பெறும் பர்தானைக் காணும் தமிழாய்வாளர்க்குப் பாணர் நினைவு எழுதல் இயல்பு. இவ்வொப்பீட்டில் எச்சரிக்கை வேண்டும். கோண்டி திராவிட மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. ஆயினும் நருமதைப் பகுதிப் பர்தான்களின் இன்றைய பேச்சும் பாட்டும் பெரும்பாலும் இந்தியின் வட்டார வழக்கிலேயே உள்ளன. பானா, பாண் என்னும் ஒலியொப்புமையைக் கொண்டு உறவு கூறுதல் சொற்பிறப்பியல் நெறியன்று. ஒப்புமை சமூக அமைப்பில் உள்ளது. அதுவே இங்குக் கொள்ளத்தக்கது.

பாணர் மரபு தமிழ்க்கு விட்டுச்சென்ற பாடம் தெளிவானது. ஆற்றுப்படைகள் எஞ்சின, யாழ் எஞ்சவில்லை. பாணரின் பசியும் பயணமும் பரிசிலும் சொல்லில் நிலைபெற்றன. அவர் இசைத்த இசை செவிக்கு எட்டாமற் போயிற்று. தேவார ஏடுகள் மீட்கப்பட்ட பின்னும் அவற்றுக்குரிய பண் தெரியாதிருந்தது என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியே பண் வகுத்துத் தந்தாள் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. ஏட்டில் உள்ளதை மீட்கலாம். உடலில் உள்ளதை அவ்வுடலின் வழித்தோன்றலிடமிருந்தே பெற இயலும் என்பது அக்கதையின் உட்பொருள். விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் வெளியிட்ட யாழ்நூல், அற்றுப்போன இசையைக் கணக்கின் துணையால் மீளக் கட்டுதல் எத்துணை அரிது என்பதைக் காட்டும்.

பர்தான் மரபில் சொல் எஞ்சி இசை மறையும் நிலை, படம் எஞ்சிப் பாட்டு மறையும் நிலையாக உருமாறக் கூடும். ஓவியங்கள் உலகின் காட்சிக்கூடங்களில் பேணப்படுகின்றன. அவற்றின் கருவாகிய கதைப்பாடல்களைப் பானாவுடன் முழுமையாகப் பாட வல்லார் அருகிவருகின்றனர். பாணர்க்கு வாய்க்காத ஒலிப்பதிவும் திரைப்படமும் பர்தான்களுக்கு வாய்த்துள்ளமையால், இங்கு நேரும் இழப்பு தவிர்க்கக்கூடிய இழப்பாகும்.

7. கலைஞனும் நிறுவனமும்

கலைப்பெயர்ச்சியின் விளைவு கலைஞனின் வாழ்விலும் படிகிறது. புரவலனுக்கும் பாடகனுக்கும் இடையிலான கடப்பாடு தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் அவ்வுறவு அறுவதில்லை. ஓவியச் சந்தையில் அத்தகைய கடப்பாடு இல்லை. ஜன்கர் 2001இல் ஜப்பானின் நீகாத்தாவிலுள்ள அருங்காட்சியகமொன்றில் தங்கி வரைந்துகொண்டிருந்த காலத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அம்முடிவுக்கு ஒற்றைக் காரணம் கற்பித்தல் முறையாகாது. எனினும் பழங்குடிக் கலைஞரின் ஊதியம், ஒப்பந்தம், தாயகம் விட்ட தனிமை ஆகியன குறித்த கேள்விகளை இந்தியக் கலைஞரிடையே அது வலுவாக எழுப்பியது. படைப்பைச் சமகாலக் கலை என ஏற்ற நிறுவனங்கள், படைப்பாளியைச் சமகாலக் கலைஞர்க்குரிய உரிமைகளோடு ஏற்றனவா என்பதே அக்கேள்விகளின் சாரம். சுவாமிநாதனின் கோட்பாடு காட்சிக்கூடத்தில் நிறைவேறிய அளவு ஒப்பந்தத் தாளில் நிறைவேறவில்லை எனலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

• கலைகளைப் பிரிவுகளாக வகுத்தல் கலை மையத்திற்குத் தவிர்க்க இயலாதது. பாரத் பவனின் சிறந்த விளைவோ அப்பிரிவுகளின் எல்லையில் நிகழ்ந்தது: இசை மரபில் பிறந்தவர் நுண்கலைப் பிரிவில் ஓவியராக மலர்ந்தார்.

• பழங்குடிக் கலையையும் நகரக் கலையையும் ஒத்த தகுதியில் வைத்தமை, பெயரற்ற மரபினின்றும் பெயருடைய கலைஞர் தோன்ற வழிசெய்தது.

• பாட்டினும் படம் நகரச் சூழலில் எளிதில் வேரூன்றியது. புரவலர் உறவை இன்றியமையாததாகக் கொண்ட பாட்டு அவ்வாறு வேரூன்றவில்லை. ஆகவே ஓர் ஓவியத்தைத் திரட்டும்பொழுது அதன் கதைப்பாட்டையும் பாடுவோர் பெயரையும் பாடும் சூழலையும் அதனோடு சேர்த்துப் பதிதல் வேண்டும். ஓவியம், இசை, திரைப்படம் ஆகிய மூன்று பிரிவுகளும் ஒரே பதிவேட்டைப் பகிர்ந்துகொள்ளும்போதே இது கைகூடும்.

• பாணர் இசையை இழந்த தமிழ் மரபின் பட்டறிவு இப்பணியின் இன்றியமையாமையை உணர்த்துகிறது. தமிழகத்தில் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, தோற்பாவைக் கூத்து முதலிய கலைகளை ஆவணப்படுத்துவோர்க்கும் இது பொருந்தும். தோற்பாவையை அருங்காட்சியகத்தில் வைத்தல் எளிது; அப்பாவையை அசைத்த கையையும் அதற்குக் குரல் தந்த மிடற்றையும் உடன் பேணுதலே கலையைப் பேணுதலாகும்.